சாமான் பெட்டியில் இறங்கியவர்

மணி இரண்டு முறை அடித்தது. மலைமேல் குடிலில், கம்பியில் தொங்கி ஓடும் சாமான் பெட்டியை அவிழ்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். புர்கி நெம்புகோலைத் தளர்த்தினாள். தலைக்கு மேலிருந்த பெரிய சக்கரம் முனகிக்கொண்டு சுழன்றது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து கம்பி இறங்கிவரத் தொடங்கியது. வழக்கமாக இந்நேரத்துக்கு அதில் காலி பீர் புட்டிகளும் அழுக்குப் போர்வைகளும் வரும். இன்று அப்பா வருகிறார்.

‘ஆட்கள் ஏறக் கூடாது’ என்ற பலகையை, கம்பி வந்து சேரும் இந்தக் கொட்டகைச் சுவரில் அடித்தவரே அவர்தான். வேலைக்காலம் முழுவதும் இந்தப் பெட்டியில் மாவும் பீரும் விறகும் ரோஸ்கார் குடிலுக்கு ஏற்றி அனுப்பியவர். கால் பிசகிய வெளியூர்க்காரர்கள் வந்து கெஞ்சினால்கூட, “நீங்க உருளைக்கிழங்கா இருந்தா ஏத்தியிருப்பேன்” என்பார். ‘கொர்பினியன் கிழவருக்கு இரக்கம் கொஞ்சம் கம்மிதான்’ என்று ஊரில் அப்பாவைச் சொல்வார்கள்.

மதியம் குடிலிலிருந்து ஸென்ஸி பேசினாள். குடிலை நடத்துகிறவள் அவள். மழையில் நனைந்தால் அந்தப் பழைய தொலைபேசி பாதிப் பேச்சைத் தின்றுவிடும். “புர்கி... உங்க அப்பா போயிட்டாரு... மூட்டத்துல ஹெலிகாப்டர் வராதாம்... பெட்டியில அனுப்புறேன்...” எங்கே, எப்படி என்று கேட்பதற்குள் கொரகொரப்புதான் மிஞ்சியது.

தம்பி ஸெவெரின் கதவருகே நின்றிருந்தான். வந்ததிலிருந்து அவன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“மலையேறுற ஷூவை அப்பாகிட்ட யாரு எடுத்துக் குடுத்தா?”

“நான்தான்.”

“அவரு இதயத்துக்கு மாடிப்படிகூட ஏறக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களா இல்லையா? நீ ஒளிச்சு வெச்சிருக்கேன்னுதானே நான் நிம்மதியா இருந்தேன்?”

“உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாடிதாண்டா வெச்சிருந்தேன்.”

“அப்புறம் என்ன கேடு வந்துச்சு?”

பனி உருகியதிலிருந்து அப்பா அந்த ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில், மாட்டுக்கொட்டிலில், அடுப்புக்குள்ளேகூட. தேடும்போதெல்லாம் அவளைத் திட்டுவார். அவளும் பதிலுக்குத் திட்டுவாள். இன்று காலை காப்பியைக் குடித்துவிட்டு அவர் எதையும் தேடாமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நிலவறைக்குப் போய் எடுத்து வந்து அவர் முன் வைத்தாள்.

“புல்வெளிப் பாதையில போறேன், அதே பாதையில திரும்பி வர்றேன்னு சத்தியம் பண்ணினாருடா.”

ஸெவெரின் முதல் தடவையாக அவளைப் பார்த்தான். “அதை நீ நம்பினே?”

போன வழியிலேயே திரும்பி வருகிறவனை அந்த ஊரில் சும்மா விடமாட்டார்கள். ‘என்னப்பா, அடுப்பை அணைக்க மறந்துட்டியா?’ என்று சாராயக்கடை வரைக்கும் துரத்தித் துரத்திக் கேட்பார்கள். கழுதைமுதுகு வழியாக ஏறணும், குடிலில் சாப்பிடணும், புல்வெளி வழியாக இறங்கணும், அதுதான் சுற்று. கழுதைமுதுகு என்பது இரண்டு பக்கமும் பாதாளம் உள்ள பாறை விளிம்பு. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, பாறையில் அடித்த இரும்புப் படிகளில் கால் வைத்துப் போக வேண்டும்.

“அங்கதான் விழுந்திருப்பாரு” என்றான் ஸெவெரின். “எவ்வளவு நேரம் கத்திக்கிட்டுக் கெடந்தாரோ.”

மதியத்திலிருந்து புர்கியும் மனசுக்குள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரச் சங்கிலியிலிருந்து வழுக்கும் கை. யாரும் கேட்காத அந்தச் சத்தம். காலில் அவள் எடுத்துக்கொடுத்த ஷூ. நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள்.

பெட்டி மூட்டத்திலிருந்து வெளிவந்து மேடையில் தட்டி நின்றது. தார்ப்பாய் போட்டு, கயிற்றால் பத்திரமாகக் கட்டியிருந்தார்கள். தலைப்பக்கம் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. கால்பக்க முடிச்சை அவிழ்த்துத் தார்ப்பாயை விலக்கினாள்.

ஷூ இல்லை. சாம்பல் நிறக் கம்பளிச் செருப்பு. இடது காலின் பெருவிரல் ஓட்டை வழியாக எட்டிப்பார்த்தது.

“டேய், இங்க வா. இதைப் பாரு.”

ஸெவெரின் வந்து பார்த்தான். ரோஸ்கார் குடிலில் ஷூக்காலோடு வாசலைத் தாண்ட முடியாது. பிஷப்பே வந்தாலும் ஸென்ஸி துடைப்பத்தைத் தூக்குவாள். வாசலறையில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, கூடையிலிருந்து ஒரு ஜோடிக் கம்பளிச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் அடுப்பும் பெஞ்சும் சூப்பும்.

“உள்ள போயிருக்காரு” என்றான் ஸெவெரின் மெதுவாக. “உக்காந்திருக்காரு.”

“அப்பாடா” என்றாள் புர்கி. சொல்லிவிட்டு, கவிழ்த்து வைத்த பீர்ப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

தொலைபேசி அலறியது. இந்த முறை குரல் தெளிவாகக் கேட்டது.

“வந்து சேந்தாரா?” என்றாள் ஸென்ஸி. “சூப்புல உப்பே இல்லைன்னு என்னைத் திட்டினாரு, புர்கி. திட்டிக்கிட்டே வழிச்சு நக்கிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டாரு. நான் ஊத்திட்டு வர்றதுக்குள்ள பெஞ்சுல சாஞ்சுட்டாரு. தூங்குறாருன்னு நெனச்சுப் போர்வைகூடப் போத்திவிட்டேன்.”

“எந்த வழியா வந்தாரு, ஸென்ஸி?”

“அவரு கையைப் பாரு.”

புர்கி தார்ப்பாயை இன்னும் கொஞ்சம் விலக்கினாள். இரண்டு உள்ளங்கையிலும் சங்கிலித் துரு செம்மண்ணாக அப்பியிருந்தது.

“திருட்டுக் கிழவன்” என்றாள். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்புறம் ஒண்ணு” என்றாள் ஸென்ஸி. “செருப்புல ஒரு ஜோடி கொறையுது. நாளைக்கு மாவு மூட்டையோட அனுப்பிவிட்டாப் போதும்.”

“வேண்டாம். காரியமெல்லாம் முடியட்டும், நானே கொண்டாறேன்.”

“புல்வெளி வழியாத்தானே?”

“இறங்கும்போது.”

ஸெவெரின் தொலைபேசிப் பக்கம் குனிந்து, “ரெண்டு சூப்பு வெச்சிரு, ஸென்ஸி” என்று கத்தினான். “உப்புப் போட்டு!”

பிறகு இருவரும் சேர்ந்து அவரை மேடைக்கு இறக்கினார்கள். இறக்கும்போது ஒரு செருப்பு நழுவித் தரையில் விழுந்தது. ஸெவெரின் மண்டியிட்டு அதை எடுத்து, ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டி, அப்பாவின் காலில் மறுபடியும் மாட்டிவிட்டான்.