குப்புராஜின் தலைக்கு வைத்த குறி

குப்புராஜ் நாசமாய்ப் போக வேண்டும். ஆரோக்கியமேரிக்கு வேறு வேண்டுதலே கிடையாது. தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் அவன் கீழே பிரஸ் மிஷின் ஓட்டியவள். கை உள்ளே போனால் மிஷினை நிறுத்தும் சென்சார் வேலை செய்யவில்லை என்று மூன்று தடவை சொன்னாள். "ஓட்டும்மா, ஒண்ணும் ஆவாது" என்றான் அந்த மகராசன், சூப்பர்வைசர் குப்புராஜ். வலது கையில் இரண்டு விரல் போனது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான் பாவி. இப்போது அவள் கேன்டீன் பெருக்குகிறாள்.

கேன்டீன் வேப்பமரத்துக் காக்கைகள்தான் அவளுக்கு வழி காட்டின. லாரி டிரைவர் ஜோஷ்வா ஒரு கூட்டைக் கலைத்தான். ஆறு மாதம் அவன் மண்டையைக் கொத்தின. எச்சில் சோற்றுக்கு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் சனியன்கள், அவனைக் கண்டால் மட்டும் ஒரே குடும்பமாகிவிடும். அவன் எப்போதும் சிவப்புத் தொப்பி போடுகிறவன். தொப்பியை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன என்று மேரி முடிவு கட்டினாள். தொழிற்சாலையிலும் அப்படித்தானே? மஞ்சள் ஹெல்மெட் என்றால் தொழிலாளி. முகத்தை யார் பார்க்கிறார்கள்? கேன்டீன் பக்கம் வரும் வெள்ளை ஹெல்மெட் ஒன்றே ஒன்று, குப்புராஜுடையது.

ஒருநாள் காக்கைக் குஞ்சு ஒன்று செத்து விழுந்தது. குப்புராஜ் சாப்பிட உட்கார்ந்த நேரம், ஆணியில் தொங்கிய வெள்ளை ஹெல்மெட்டை மேரி மாட்டிக்கொண்டாள். குஞ்சைக் காலைப் பிடித்துத் தூக்கி மரத்தடியில் நின்று ஆட்டினாள். அப்பப்பா, என்ன கத்தல்!

"பாத்துக்குங்கடி, நல்லாப் பாத்துக்குங்க" என்றாள் அண்ணாந்து. நெஞ்சு குளிர்ந்துபோனது.

மறுநாள் குப்புராஜ் ஹெல்மெட்டோடு மரத்தடியில் போனான். ஒரு காக்கைகூடத் திரும்பவில்லை. துடைப்பத்தோடு மேரி வெளியே வந்ததுதான் தாமதம், உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு கொத்து.

"என்னாண்ட இன்னாடி பகை? அவன்டி அது, அவன்!"

யார் கேட்டது? புடவையை மாற்றிப் பார்த்தாள், குடை பிடித்துப் பார்த்தாள். அடுத்த வருடம் பொரிந்த குஞ்சுகள் அன்று நடந்ததைக் கண்ணால் காணாதவை. அவையும் பெரியதுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு அவளையே துரத்தின. முகம், முகத்தைத்தான் பார்த்து வைத்திருக்கின்றன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஒரு மாலை கேட்வரைக்கும் விரட்டிக்கொண்டு வந்தன. நெற்றியில் ரத்தம். யாரோ ஓடிவந்து கையை வீசி அவற்றைத் துரத்தினார்கள். பார்த்தால் குப்புராஜ்.

"அய்யய்யோ, ரத்தம் வருதே! யாரும்மா நீ? கேன்டீனுக்குப் புதுசா?"

மேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வலது கையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நான் மேரி சார். பிரஸ்ல ரெண்டு வெரலு போச்சே! நீதானே எம்மேல தப்புன்னு எழுதிக்கினு போன!"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"எந்த மேரிம்மா?"

மிச்சமிருந்த மூன்று விரலும் கன்னத்தில் பதியும்படி ஓங்கி ஒன்று விட்டாள்.

"இந்த மேரி" என்றாள்.