நீ அங்க இருக்கிற வரைக்கும்

எங்கள் சபையில் பத்தொன்பது வயதுப் பையனுக்குக் கொடுக்கும் பட்டம் ‘மூப்பர்’. மீசை ஒழுங்காக முளைக்காத என் முகத்துக்குக் கீழே, வெள்ளைச் சட்டைப் பையில், கறுப்புப் பட்டை ஒன்றில் அதைப் பொறித்துக் குத்திவிட்டிருந்தார்கள். தெருவில் போகிறவர்கள் முதலில் பட்டையைப் படிப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். மார்மன் மிஷனரிகளுக்கு இதெல்லாம் சகஜம். இரண்டு வருஷம் வீட்டைவிட்டு வந்து, வீடு வீடாகக் கதவு தட்டிக் கடவுளைப் பற்றிப் பேசுகிற வேலை. சம்பளம் கிடையாது. அவமானம் தாராளமாகக் கிடைக்கும்.

இருவர் இருவராகத்தான் போக வேண்டும். ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் மறையக் கூடாது. குளியலறைக்கு மட்டும் விலக்கு. புதுசாகக் கல்யாணமானவர்களுக்குக்கூட இவ்வளவு கெடுபிடி இருக்காது. எனக்கு வாய்த்த ஜோடி ஒரு கொத்தனாரின் மகன். ஆறடி உயரம், அதனால் எல்லோரும் ‘குட்டி’ என்று கூப்பிட்டார்கள். அந்த வாரம் எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை சுமுகமாக இல்லை. காரணம் ஒரு ஆம்லெட்.

நோயாளிகளின் தலையில் ஒரு சொட்டு வைத்து ஜெபிப்பதற்காகப் பிரார்த்தனை செய்து எடுத்துவைத்த ஆலிவ் எண்ணெய் எங்கள் அலமாரியில் இருந்தது. சமையல் எண்ணெய் தீர்ந்துவிட்டதென்று குட்டி அதை ஊற்றி முட்டை பொரித்துவிட்டான்.

“முட்டைக்கு என்ன வியாதி, மூப்பரே?” என்று கேட்டேன்.

“முட்டைக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் பசி,” என்று பாதியை என் தட்டில் தள்ளினான். கோபத்தோடு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

திங்கட்கிழமை எங்களுக்குத் துணி துவைக்கிற நாள், வீட்டோடு பேசுகிற நாள். தெருமுனைச் சலவைக்கடையில் எங்கள் சட்டைகள் எந்திரத்துக்குள் உருண்டுகொண்டிருந்தபோது போன் செய்தேன். எப்போதும் அம்மாதான் எடுப்பாள். அன்று திரையில் அப்பாவின் முகம் வந்தது. அதற்குப் பின்னால் ஆஸ்பத்திரிச் சுவர்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. கரைந்துவிட்டது என்றுதான் என்னிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

“கிளம்பி வாடா,” என்றார் அப்பா. “இந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

அப்பா பஸ் டிரைவர். அம்மாவும் நானும் சபையில் சேர்ந்தபோது எங்களை வாசலில் இறக்கிவிட்டுவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டவர்.

“தலைவர்கிட்டக் கேக்கணும்பா.”

“கேளு. உங்க சாமிக்கு ரெண்டு வருஷத்தத் தூக்கிக் குடுத்திருக்க. அவர் ரெண்டு நாள் லீவு தரமாட்டாராமா?”

எங்கள் ஊழியத் தலைவர் தயங்கவே இல்லை. “போறதும் தப்பில்ல, இருக்கறதும் தப்பில்ல தம்பி. நீங்க முடிவு பண்ணுங்க. காலையில விமானம் இருக்கு,” என்றார். வருகிறேன் என்று சொல்ல மறுபடி வீட்டுக்கு அழைத்தேன். இந்தமுறை அம்மாவே போனை வாங்கிக்கொண்டாள். முகத்தில் பாதி மாஸ்க்.

“வராதடா,” என்றாள். “நீ கடவுள் வேலையில இருக்க. நீ அங்க இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது.”

“சும்மா பாத்துட்டுப் போறேம்மா.”

“சும்மா பாக்க யாருடா விமானத்துல வருவா? நாம என்ன மந்திரி வீடா?” சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. “நீ இந்த ரூம் வாசல்ல வந்து நின்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?”

“அவ கிடக்கறா, நீ வா,” என்று அப்பாவின் குரல் குறுக்கே வந்தது.

சபை அப்படி எந்த உத்தரவாதமும் தந்ததில்லை. ஊழியத்துக்குப் போன பிள்ளையின் வீட்டை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று பெண்கள் கூட்டத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா அதை மருந்து மாதிரி விழுங்கிவிட்டாள். நான் போனால் அவளைப் பார்க்கலாம். என்னைப் பார்த்த நிமிஷமே அவள் பயந்துவிடுவாள். போகாவிட்டால் பயப்பட மாட்டாள். நானும் பார்க்க மாட்டேன்.

எந்திரம் நின்றது. குட்டி ஈரச் சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, “பெட்டியக் கட்டலாமா, மூப்பரே?” என்றான்.

“வேண்டாம்,” என்றேன். அப்பாவிடமும் அதைச் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் பேசிக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஏதாவது ஒரு கதவுக்கு முன்னால் டையோடு நின்று பேசுவேன். “பட்டையக் காட்டு,” என்பாள் அம்மா. காட்டுவேன். “இன்னிக்கு யாராவது உள்ள கூப்பிட்டாங்களா?” என்பாள். நாலைந்து பேர் கூப்பிட்டார்கள் என்பேன். ஆவலோடு எங்களை நோக்கி ஓடிவந்தது ஒரே ஒரு நாய்தான். அதுவும் வேறு நோக்கத்தோடு.

வெள்ளிக்கிழமை, தனியாக வீடு மாறும் ஒரு டீச்சரின் பீரோவை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். பாதிப் படியில் என் பாக்கெட்டில் போன் அடித்தது. பீரோ தோளில். கீழே வைக்கவும் இடமில்லை, மேலே போகவும் மூச்சில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. யார், எதற்கு என்பது தெரிந்தேதான் மீதிப் படிகளை ஏறினேன். பீரோவை நேராக வைக்கச் சொன்னார் டீச்சர். நேராக வைத்துவிட்டுத்தான் போனை எடுத்தேன்.

“போயிட்டாடா,” என்றார் அப்பா.

அறைக்கு வந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். வெளியே வந்தபோது என் சட்டைகள் எல்லாவற்றையும் குட்டி இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தான். அவன் வாழ்நாளில் இஸ்திரிப்பெட்டியைத் தொட்டவனில்லை. ஒன்றின் முதுகில் பழுப்பாகப் பெட்டியின் அச்சே விழுந்திருந்தது.

“கோட்டுப் போட்டா தெரியாது,” என்றான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. ஆம்லெட் விவகாரம் அத்தோடு முடிந்தது.

சாயங்காலம் அப்பா மறுபடி கூப்பிட்டார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன்.

“என் பையன் அங்க வேலையில இருக்கான், எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு காலையில நர்ஸ்கிட்டப் பெருமையடிச்சிட்டிருந்தா. அப்படியே கண்ண மூடிட்டா. கொஞ்சம்கூட பயப்படலடா.”

இதற்காகத்தானே போகாமல் இருந்தேன் என்று மனசு ஒரு நொடி லேசானது. அந்த ஒரு நொடிதான்.

“பயந்தது நான்தான்,” என்றார். “வா வான்னு உன்னக் கூப்பிட்டது அவளுக்காகன்னா நெனச்ச?”

அந்த ஆஸ்பத்திரி அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்திருக்கும். அதில் உட்கார்ந்திருந்தவரை நான் யோசிக்கவே இல்லை.

“இப்ப வரட்டுமாப்பா?”

அந்தப் பக்கம் பாத்திரங்களை உருட்டுகிற சத்தம் கேட்டது. “ஒரு மணி நேரமா காபிப்பொடி டப்பாவத் தேடிட்டிருக்கேன். குடிக்காதவ எங்க வச்சிருப்பான்னு யாரு கண்டா?” என்றார். எங்கள் சபையில் காபி கூடாது. அம்மா வாயில் வைக்க மாட்டாள்; ஆனால் அப்பாவுக்கு ஒருநாள் தவறாமல் போட்டுக் கொடுப்பாள்.

மேல்தட்டில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்கும். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

“நான் வந்து எடுத்துத் தரேம்பா,” என்றேன்.