ஆறாயிரம் பேரில் பதினொருவர்

டார்லா கட்லிப்பும் நானும் ஒரே ஆம்புலன்சில் ஏழு வருடம். நான் ஓட்டுவேன். அவள் நோயாளியைப் பார்த்துக்கொண்டு பின்னால் இருப்பாள்.

அவளுக்கு டாக்டராக வேண்டும். அதிலும் ஆஸ்டியோபதி டாக்டர். மற்ற டாக்டர்கள் படிப்பதையெல்லாம் படித்து, கூடவே கைகளால் தொட்டு எலும்பையும் தசையையும் சரிசெய்யக் கற்றவர்கள். எங்கள் மேற்கு வர்ஜீனியா மலைகளில் பாதிப்பேருக்கு வைத்தியம் பார்ப்பது அவர்கள்தான்.

போன வருடம் ஒன்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். ஒன்றுகூட நேர்காணலுக்கு அழைக்கவில்லை. அவளுடைய நுழைவுத் தேர்வு மதிப்பெண் இந்த வருடத்தோடு காலாவதி. மறுபடி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆக, இதுதான் கடைசி முறை.

"அந்த ஒன்பதையும் எப்படித் தேர்ந்தெடுத்த?" என்று கேட்டேன். ஆம்புலன்ஸ் நிலையத்தில் பெப்பரோனி ரோல் என்னும் இறைச்சி ரொட்டி தின்றுகொண்டிருந்தோம்.

"சேர்ந்தவங்களோட சராசரி மார்க்கை வச்சு காலேஜ்களை வரிசைப்படுத்தினேன். கீழேர்ந்து ஒன்பது. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"எல்லாத்துலயும் சுலபமானது?"

"அரிசோனா பாலைவனத்துல ஒண்ணு. புதுசு. சராசரி 498. என் மார்க் 499."

"அப்புறம் ஏன் வேண்டாம்னாங்க?"

மறுநாள் அவள் அந்தக் கல்லூரிக்கே போன் செய்து கேட்டாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள்; நானும் கேட்டேன்.

"உங்க மார்க்ல ஒரு குறையும் இல்லம்மா" என்றது ஒரு பெண்குரல். "நீங்க படிச்சு முடிச்சுட்டு இந்த வெயில்ல இருப்பீங்கன்னு எங்களால நம்ப முடியல. எங்களுக்கு இங்கயே இருக்கிற டாக்டர் வேணும்."

டார்லா போனை வைத்தாள்.

"நான் இருக்க மாட்டேன்தான்" என்றாள். "அந்தப் பொம்பளை சரியாக் கண்டுபிடிச்சுட்டா."

அன்றே எங்கள் மலைக் கல்லூரிக்குப் போன் செய்தாள். இரண்டு மணி நேர ஓட்டம்தான். போன வருடம் அதைத் தொடவே இல்லை. சராசரி 504. இருநூறு இடத்துக்கு ஆறாயிரம் விண்ணப்பம். அவளுடைய பட்டியலில் அது உச்சியில் இருந்தது.

இந்த முறை மார்க் பற்றிக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து மலை மாவட்டங்கள் ஏழிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று கேட்டாள்.

எங்கள் மேலாளர் பர்லுக்கு விஷயம் தெரிந்தது. "499ஐ வச்சுக்கிட்டு அங்க போறியா? என் நாய்க்கும் ஒரு அப்ளிகேஷன் வாங்கிட்டு வா."

"உங்க நாய் எந்த மாவட்டம், பர்ல்?"

அக்டோபரில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். நான்தான் வண்டி ஓட்டினேன். திரும்பும்போது அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் நேராகக் கேட்டிருக்கிறார். "எங்க சராசரி 504. உங்களுது 499. என்ன சொல்றீங்க?"

"நீ என்ன சொன்ன?"

"நான் வந்தா சராசரி கொஞ்சம் இறங்கும் சார், ஏத்தி விட வேற யாரையாவது பாத்துக்கோங்கன்னேன்."

"அடிப்பாவி. சிரிச்சாங்களா?"

"ஒருத்தர் சிரிச்சார். நடுவுல இருந்தவர் சிரிக்கல. வேற என்ன கொண்டு வர்றீங்கன்னு கேட்டார். ஏழு வருஷம்னேன். எந்த வீட்டுல ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்துல சிகரெட் பிடிக்கிறாங்கன்னு தெரியும், எந்த வீட்டுல மாத்திரையைப் பாதியா உடைச்சு ரெண்டு நாளைக்கு வச்சுக்கிறாங்கன்னு தெரியும். அவங்ககிட்டதான் திரும்பிப் போவேன், வேற எங்கயும் போக எனக்கு ஆசை இல்லன்னேன்."

"அப்புறம்?"

"எழுதிக்கிட்டார்."

ஐந்து வாரம் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் வண்டியில் கட்டுத்துணிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "ஆமா, நான்தான்" என்றாள். பிறகு நீண்ட நேரம் கேட்டாள். "வர்றேன்" என்றாள். வைத்துவிட்டு, எண்ணியது மறந்துபோய் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

"டார்லா."

"கிடைச்சிருச்சு."

பர்ல் அலுவலக அறையிலிருந்து வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பி கழற்றி நான் பார்த்தது சவ அடக்கங்களில் மட்டும்தான்.

"ஆறாயிரம் பேர்ல எப்படிம்மா?"

"ஆறாயிரம் பேரோட நான் போட்டி போடல, பர்ல். இங்கயே திரும்பி வர்ற டாக்டர்தான் அவங்களுக்கு வேணும்; நம்ம மாவட்டங்கள்லேர்ந்து விண்ணப்பிச்சது பதினொரு பேர்தான். அந்தப் பதினொரு பேர்ல நான் மோசமில்ல."

பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. மலைமேல் வீட்டில் ஒரு கிழவருக்கு மூச்சுத் திணறல். டார்லா ஆக்சிஜன் வைத்தாள். அவர் முகத்தில் நிறம் திரும்பியது. என்னால் அடக்க முடியவில்லை.

"இவ டாக்டருக்குப் படிக்கப் போறா" என்றேன்.

கிழவர் முகமூடியை லேசாக விலக்கினார். "கஷ்டமான காலேஜா?"

"ரொம்பக் கஷ்டம்."

"பிரஷர் பாக்குறேன்" என்றாள் டார்லா. "ரெண்டு பேரும் வாயை மூடுங்க."