தகரத்துக்கு இந்தப் பக்கம்

ஆணி வரமாட்டேன் என்கிறது, நாகஜோதி சுத்தியலின் பிளந்த முனையை அதன் கழுத்தில் கொடுத்து, கத்தி படாத காலைத் தரையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து ஒரு இழு இழுக்கிறாள், வாசலை அடைத்திருந்த தகரம் மொத்தமும் அதிர்ந்து தடதடவென்று தெருவையே கூப்பிடுகிறது, பின்னால் அத்தை, அடியே அது கவர்மெண்டு அடிச்ச தகரம்டி, போலீஸ்காரன் வந்தா என்ன சொல்லுவ என்கிறாள், வரட்டும் அத்தை, அந்தப் பக்கம் ஒரு கை பிடிக்கச் சொல்லுவேன். பத்து மணிக்குள் மதுரையில் இருக்க வேண்டும், விடிந்ததுமே வார்டு நர்ஸ் போன் பண்ணிவிட்டாள், அக்கா இன்னைக்கு வரலைன்னா உங்க பெட்டை வேற ஆளுக்குக் குடுத்திருவாங்க, பாதி வார்டு கொரோனாவுக்குப் போயிருச்சு, அடுத்து எப்பன்னு எனக்கே தெரியாது. ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போன மருந்து, இன்னொரு தடவை தள்ளினால் தொடையில் வெட்டி எடுத்தது நுரையீரலில் போய்க் குடித்தனம் வைத்துவிடும்.

மறுபடி இழுக்கிறாள், தகரம் தடதடக்கிறது, கேட்கக் கேட்க அவள் அந்தக் குழாய்க்குள் படுத்திருக்கிறாள், ஸ்கேன் மெஷின் மண்டைக்குள் சம்மட்டி போடுகிறது, அசையாதீங்கம்மா என்கிறது எங்கிருந்தோ ஒரு குரல், ஒரு ஸ்கூலையே அசையாமல் வெயிலில் நிறுத்திய பி.டி. டீச்சர் அவள், அவளைப் போய் அசையாதே என்கிறார்கள், கண்ணை மூடினால் கிரவுண்டு, கோ-கோ ஆடுகிற பிள்ளைகள் புழுதியில் பறக்கிறார்கள், இவளும் ஓடுகிறாள், தொடையில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று கூடவே ஓடி வருகிறது, பந்து பட்டிருக்கும் என்று தைலம் தேய்த்தாள், கோலிக்குண்டு எலுமிச்சையானது, எலுமிச்சை ஆரஞ்சானது, அப்போதும் தைலம்தான், ஊரே வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தபோது எந்த டாக்டரைப் போய்ப் பார்க்க. கடைசியில் பார்த்த டாக்டரம்மாவுக்கு முகமே இல்லை, பிளாஸ்டிக் உடுப்புக்குள் இரண்டு கண்கள், அந்தக் கண்கள்தான் பேர் சொல்லின, சைனோவியல் சார்கோமா, கேன்சர்லயே அபூர்வம்மா இது, லட்சத்துல ஒருத்தருக்குக்கூட வராது. எங்க வீட்டுக்காரர் பரிசம் போட வந்தன்னைக்கே சொன்னார் டாக்டரம்மா, நீ லட்சத்துல ஒருத்தின்னு, மனுசனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு பாருங்க. அந்தக் கண்கள் சிரித்தன, சிரித்துக்கொண்டே நிறைந்துபோயின, கையுறை போட்ட கை மேசைக்கு மேல் பாதி தூரம் வந்து, தொடக் கூடாது என்று ஞாபகம் வந்து, திரும்பிப் போனது.

அந்தப் பேரை வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை, அது என்றார்கள், அதுக்கு மருந்து, அதுக்கு ஆப்பரேஷன், ஏனென்றால் அத்தை மகள் ஈஸ்வரிக்குப் பரிசம் போட்டாகிவிட்டது, ராஜபாளையத்து மாப்பிள்ளை, லாக்டவுன் முடிந்ததும் கல்யாணம், நாத்தனார் வேறு மதினி வேறு என்று இந்த வீட்டில் சொல்லவும் முடியாது, அத்தை தன் கூடப்பிறந்த தம்பி மகள் நாகஜோதியைத்தான் மகன் பால்பாண்டிக்குக் கட்டி வைத்தாள், ஒரே ரத்தம்டி, நாளைக்கு எம்மகளுக்கும் வரும்னுதான சொல்லுவாய்ங்க என்றாள். அதனால் மொட்டைமாடியிலிருந்து ரைஸ்மில் வீட்டம்மா, என்ன உங்க மருமகளை ஆளையே காணோம் என்று எட்டிக் கேட்டபோது, கொரோனாவாம், மதுரையில சேர்த்திருக்கு என்று அத்தை சொல்லிவிட்டாள், கொரோனா வரும் போகும், ஊருக்கே அதுதான், அதனால் எந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் நின்றதில்லை, அத்தை போட்ட கணக்கில் ரைஸ்மில்லம்மா நகராட்சிக்குப் போன் போடுவாள் என்பது மட்டும் வரவில்லை, காலில் தையலோடு நாகஜோதி வந்து இறங்கிய மறுநாளே நகராட்சி ஆட்கள் தகரத்தோடு வந்து நிற்கிறார்கள், நிசமாவே கொரோனாதானா ஆத்தா என்கிறான் ஒருவன், ஆமாய்யா என்று தலையாட்டுகிறாள் அத்தை, பால்பாண்டி சுவரைப் பார்க்கிறான், நாகஜோதி கட்டிலில் கிடந்து ஒவ்வொரு அடியையும் கேட்கிறாள், எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்லவில்லை, சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி ஈஸ்வரிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள், விட்டுராதீங்க மதினி, விட்டுராதீங்க என்று அந்தச் சிறுபிள்ளை கத்தியது அன்றைக்குப் பூராவும் காதில் ஓடியது.

கடைசி ஆணியும் வந்துவிட்டது. தகரத்தின் ஒரு மூலை மடங்கி வெயில் உள்ளே விழ, தெருமுனையில் போஸின் ஆட்டோ, பாஸ் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறான், ஆனால் கிட்ட வரவில்லை, மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துக்கொண்டு அங்கேயிருந்தே கத்துகிறான், யக்கா, மதுரைக்குன்னு மட்டும்தான சொன்னீங்க, கொரோனா கேஸுன்னு சொல்லலையே, ரைஸ்மில்லம்மா இப்பத்தான் சொல்லுது, நான் பிள்ளைகுட்டிக்காரன்க்கா, மன்னிச்சிருங்க. ஆட்டோ உறுமித் திரும்பப் பார்க்கிறது. பால்பாண்டி காதோரம் வந்து, சொல்லிராத ஜோதி, நான் வேற வண்டி பார்க்குறேன் என்கிறான், எந்த வண்டி மச்சான், ஊர்ல ஓடுறதே இது ஒண்ணுதான். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், எம்பிள்ளை வாழ்க்கைடி. தகரத்தின் அந்த ஓரத்தைக் கையில் துணி சுற்றிப் பிடித்திருந்த ஈஸ்வரி மட்டும், சொல்லுங்க மதினி என்றாள். நாகஜோதி அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், கழுத்தில் பரிசத்துக்குப் போட்ட செயின், இதற்கப்புறம் இவள் தன்னோடு பேசுவாளா, பேசாவிட்டால் போகட்டும், பேசாமல் இருக்கிறாளே என்று வருத்தப்படவாவது நான் உயிரோடு இருக்க வேண்டும், எனக்கு முப்பத்தெட்டு வயசு அத்தை, எனக்கு இருக்கணும்.

மடங்கிய மூலை வழியே நுழைந்து நொண்டிக்கொண்டே நடுத்தெருவுக்கு வந்தாள், விசில் இல்லாமல் கிரவுண்டின் அடுத்த கோடி வரைக்கும் போகிற அந்தக் குரலை எடுத்தாள், ஏய் போஸு, எனக்குக் கொரோனா இல்ல, கேன்சர், சைனோவியல் சார்கோமா, ஒட்டாது, தொத்தாது, கொண்டா வண்டியை. எல்லா ஜன்னலும் திறந்தன. ரைஸ்மில்லக்கா, நல்லாக் கேட்டுக்கங்க, சை-னோ-வி-யல், நாளைக்கு யாருக்கும் தப்பாச் சொல்லிராதீங்க. ரைஸ்மில்லம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள், போஸ் ஒரு கணம் விழித்து, தலையில் தட்டிக்கொண்டு, அதை மொதல்லயே சொல்லுறதுக்கென்னக்கா என்று வண்டியை வாசலுக்கே கொண்டுவந்தான், ஈஸ்வரி பிடியை விட, தகரம் தெருவில் மல்லாக்க விழுந்து ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது, அதன் மேலேயே மிதித்துப் போய் ஏறினாள் நாகஜோதி.

அத்தை வாசற்படியில் சரிந்துவிட்டாள், போச்சு, எல்லாம் போச்சு, பொழுது சாயுறதுக்குள்ள ராஜபாளையத்துக்காரன் காதுக்குப் போயிரும். ஈஸ்வரி பையோடு மதினி பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, தாயைத் திரும்பிப் பார்த்தாள், அவங்களுக்குத் தெரியும்மா, ரிப்போர்ட் வந்த வாரமே நான்தான் போன் பண்ணிச் சொன்னேன், அன்னைக்கே வேண்டாம்னுட்டாங்க, லாக்டவுன் முடியட்டும்னு ஒங்ககிட்ட அவங்களைச் சொல்லச் சொன்னதே நான்தான், மதினிக்கு மருந்து ஏறி முடியிற வரைக்கும் தெரியவேண்டாம்னு இருந்தேன், நீங்க எடுங்க போஸண்ணே, பெட்டு போயிரும்.