கிழக்கு முனையில் நெல்

விமான நிலையத்துக்குப் புதுக் கட்டடம் கட்டிய புண்ணியவான் யாரோ, அதைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் ஓடுபாதையின் கிழக்கு முனைக்கும் குறுக்கே நந்தி மாதிரி உட்கார வைத்துவிட்டார். கோபுரத்தில் நின்றால் அந்த முனை தெரியாது. அதற்குத்தான் அங்கே கம்பத்தில் கேமரா மாட்டி, கோபுரத்தில் விமானங்களுக்கு உத்தரவு கொடுக்கிற செந்தாமரையின் மேசையில் திரை வைத்தார்கள். ஒரு வாரம் வெள்ளோட்டம்.

மேலதிகாரி அப்துல் வஹாப் நல்ல மனுஷர்தான். ஆனால் கேமரா என்றால் அவருக்கு ஆகாது. முதல் இரண்டு நாளில் நிழலைப் பார்த்து நாய் என்று இரண்டு தடவை ஜீப்பை ஓடவிட்டிருந்தாள் செந்தாமரை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கேமராவை மூட்டை கட்டி கம்பெனிக்கே அனுப்பிடுவேன்ம்மா. உன்னையும் ஃபைல் பாக்க உக்கார வச்சிடுவேன்" என்றார் அவர்.

அம்மாவின் நடவுக்கூலியில் படித்து வந்தவளுக்கு அந்த நாற்காலி லேசில் கிடைத்ததா என்ன?

மூன்றாம் நாள், பத்து மணி விமானம் இறங்க நான்கு நிமிடம் இருக்கும்போது, திரையில் கிழக்கு முனையில் பழுப்பாக ஒரு திட்டு தெரிந்தது.

"கலர் கோளாறும்மா. எறங்கச் சொல்லு" என்றார் வஹாப்.

செந்தாமரை படத்தைப் பெரிதாக்கினாள். திட்டு முழுக்க நெளிநெளியாகக் கோடுகள். காயப்போட்ட நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டே நடந்தால் விழுகிற கோடு அது. பள்ளிக்கூட லீவில் தார்ரோட்டில் அவளே எத்தனையோ போட்டிருக்கிறாள்.

"நெல்லு சார். குருவி வேற கூட்டமா எறங்கும். எஞ்சின்ல போனா அவ்வளவுதான்."

"நிச்சயமாவா?"

"நிச்சயம் சார்."

சொல்லிவிட்டு, விமானத்தை மேலே ஏறிச் சுற்றச் சொல்லி ரேடியோவில் உத்தரவு கொடுத்தாள்.

ஜீப் போய்ச் சேர்ந்ததும், மதில் இடிந்த சந்திலிருந்து துடைப்பமும் கையுமாக ஒரு அம்மாள் ஓடி வந்து டிரைவரோடு மல்லுக்கு நின்றாள். வஹாப் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"நெல்லேதான். யாரு இந்தம்மா?"

மறைக்கலாம், செந்தாமரைக்கு மனசு வரவில்லை. "எங்கம்மா சார். காத்தாயி."

வஹாப் தோள் குலுங்கச் சிரித்தார். "உள்ளது உள்ளபடி எழுது. கேமரா வேலை செய்யுதுன்னும் எழுது, கையெழுத்து போடுறேன். அந்தச் சுவரை இன்னைக்கே அடைக்கணும். நீ எந்திரிக்காதே, பிளேனைக் கவனி."

நாற்காலி தப்பியது. பாதையைக் கூட்டியபின் விமானம் பத்தரைக்கு இறங்கியது.

சாயங்காலம் வீட்டில் செந்தாமரை பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, காயப்போட வேற எடமே இல்லையா?"

"அந்த மூலை கோபுரத்துலேருந்து தெரியலைன்னு நீதானடி அலுத்துக்கிட்ட? யாரு கண்ணுலயும் படாது, பத்து மணிக்குள்ள அள்ளிடலாம்னு பாத்தேன்."

செந்தாமரைக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "எறங்க வந்த பிளேனைத் திருப்பி மேல அனுப்பினேன், தெரியுமா?"

காத்தாயி வாயைப் பிளந்தாள். "நீயா? நீ சொன்னா கேக்குமா?"

"கேட்டுத்தான் ஆவணும்."

அவ்வளவுதான். காத்தாயி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். "நம்ம நெல்லு காயட்டும்னு பிளேனையே வானத்துல நிக்க வச்சுட்டா எம்பொண்ணு" என்று முதல் வீட்டிலேயே ஆரம்பித்தாள். செந்தாமரை தடுக்கப் போகவில்லை.