வீட்டுக்குள் தங்கிய கடல்

கார்த்திகைப் புயலில் மண்டைதீவு வீடுகளுக்குள் புகுந்த கடல் இரண்டொரு நாளில் வடிந்து போனது. மேரிசுகந்தியின் வீட்டுக்குள் புகுந்தது மட்டும் போகவில்லை. கதவு, யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் வாசற்படியோடு சுவர்போல நின்றுகொண்டது. முற்றத்தில் புழுதி பறந்தது, உள்ளே நெஞ்சளவு உப்புத்தண்ணீர் நின்றது. கரையில் பெருக்கு எடுத்தால் உள்ளேயும் எடுத்தது. அங்கே வற்றினால் இங்கேயும் முழங்காலுக்கு இறங்கியது. ஊர்ச்சனம் ஒரு கிழமை வந்து வாய் பார்த்தது. பிறகு வழக்கம்போல இறால் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது.

அது வங்கிக் கடனில் கட்டிய வீடு. காப்புறுதி எடுத்தால்தான் கடன் என்று வங்கி ஒற்றைக்காலில் நின்று, கம்பனியையும் தானே காட்டிவிட்டது. மேரிசுகந்தி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதற்கும் வருடாவருடம் பணம் செலுத்தி வந்தாள். இப்போது அவள் அறிவித்ததும் கம்பனி றஜீபன் என்ற இளைஞனைச் சேதம் மதிப்பிட அனுப்பியது. வற்று நேரம் பார்த்துக் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கிய அவனை ஹோலின் நடுவில் ஒரு நண்டு கடித்தது. அவன் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். அலுமாரிக்குப் பின்னால் ஒட்டி என்கிற சின்ன மீன்கள் கூட்டமாகத் திரிவதைப் படம் பிடித்தான்.

"அக்கா, வெள்ளமெண்டால் வந்து வடியோணும். இது வடியேல்லை. பெருக்கும் வத்தும் இருக்கு. இது கடல். வெள்ளத்துக்குத்தான் நட்டஈடு, கடலுக்கு இல்லை."

"அதை எழுத்தில தருவீரோ?" என்று கேட்டாள் மேரிசுகந்தி.

தந்தார்கள். அவ்விடத்தில் இருப்பது சேதமடைந்த வீடு அல்ல, கடலின் ஒரு பகுதி. ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று முத்திரை குத்திக் கடிதம் வந்தது. மேன்முறையீடு செய்தாள். மறுபடியும் கடல் என்றே பதில் வந்தது, இம்முறை இன்னும் பெரிய அதிகாரியின் கையெழுத்தோடு. காசு வாங்கும்போது வீடாகத் தெரிந்தது, கொடுக்கும்போது கடலாகத் தெரிந்தது. கம்பனிக்காரரின் கண் அப்படி.

அவளுடைய புருஷன் பஸ்ரியாம்பிள்ளை பயந்த சுபாவம். புயலில் வள்ளத்தையும் பறிகொடுத்தவன். தவணைகள் தவறத் தொடங்கியதும், "சுகந்தி, பாங்க்காரர் வந்து வெளிய தள்ள முதல் நாங்களாப் போயிடுவம்" என்றான். அந்தக் காணியில் அவளுக்கு அது மூன்றாவது வீடு. முதலாவதை யுத்தத்துக்குப் பயந்து, சிறுபிள்ளையாகத் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு விட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது அத்திவாரம் மட்டும் இருந்தது. தகரத்தில் போட்ட இரண்டாவதை ஒரு சோளகக் காற்று கொண்டுபோக, அப்போதும் ஓடினாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"ரெண்டு தரம் ஓடினது காணும். இனி ஓடுறதெண்டால் கடல் ஓடட்டும்."

மறுநாளே ஹோலுக்குள் தடிகளை ஊன்றிச் சிறகுவலை கட்டினாள். அறைக்குள் இறால் பட்டது, குசினிக்குள் நண்டு பட்டது. கட்டிலை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பலகை அடித்துப் படுத்தார்கள். விடியற்காலையில் பஸ்ரியாம்பிள்ளை கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டால் தொழிலுக்குப் போனதாகிவிடும். ஒருவர் பேரில் பதிந்த வலை இடத்துக்குள் இன்னொருவர் கால் வைக்கக்கூடாது என்பது கடற்றொழிலாளர் சங்கத்தின் வழக்கம். கம்பனிக் கடிதத்தைப் படித்த சங்கம், கடல்தானே என்று, ஹோலையும் குசினியையும் இரண்டு அறைகளையும் அவள் பேரில் பதிந்துகொடுத்தது.

மாசி மாதம் வங்கியிலிருந்து கடன் பிரிவு அதிகாரி நிமலினி ஏல அறிவித்தலோடு வந்தாள். மேரிசுகந்தி வாசலில் குறுக்கே நின்றாள்.

"எந்த வீட்டைப் பிள்ளை ஏலம் விடப் போறியள்? நீங்கள் காட்டின கம்பனிதான் இஞ்ச வீடில்லை, கடல் எண்டு எழுதித் தந்திருக்கு. கடலை ஏலத்தில விடுவியளோ? உள்ளுக்கு வாறதெண்டாலும் சங்கத்தைக் கேட்டிட்டு வாங்கோ."

நிமலினி அங்கேயே நின்று கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். வீடு என்று ஒத்துக்கொண்டால் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்பதால் கம்பனி கடல், கடல் என்றே சாதித்தது. கடலை ஏலம் போட வங்கிக்குச் சட்டம் இல்லை. அறிவித்தலையாவது ஒட்டிவிட்டுப் போகலாமென்று பார்த்தாள். ஊறிய சுவரில் பசை பிடிக்கவில்லை.

"அப்ப கடன் அக்கா?"

"வாங்கின கடனைக் கட்டுவன். இறால் படப்பட மாதம் மாதம் கட்டுவன். ஆனால் ஏலம் எண்டு என்ர வாசலுக்கு ஒருத்தரும் வரப்படாது."

ஒருவரும் வரவில்லை. ஆனி மாதம் பேதுருவானவர் திருநாள் வந்தது. அன்று பங்குச் சுவாமியார் கரைக்குப் போய்க் கடலை ஆசீர்வதிப்பது வழக்கம். அவ்வருடம் மேரிசுகந்தி தன் வீட்டுக்கும் அழைத்தாள். அவர் தீர்த்தத்தோடு வந்து வாசற்படியில் நின்று செபப்புத்தகத்தைப் புரட்டினார். வீட்டை ஆசீர்வதிக்கும் செபம் ஒரு பக்கத்தில் இருந்தது, கடலை ஆசீர்வதிக்கும் செபம் வேறொரு பக்கத்தில் இருந்தது.

"எதைப் பிள்ளை சொல்ல?"

"ரெண்டையும் சொல்லுங்கோ சுவாமி. வீடும் என்ர, கடலும் என்ர."

சுவாமியார் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி, இரண்டையும் சொன்னார்.