கொதிக்காத கூலன்ட்

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை 7.52. மலைச்சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், ஏழு பேர் அமரும் வெள்ளைக் கார் ஒன்று, முன்மூடிக்கு அடியிலிருந்து ஆவி கிளம்ப, ஓரமாக நின்றது. உள்ளே நான்கு ஆசிரியைகள் இருந்தார்கள்.

மலைமேல் இருக்கும் பள்ளியில் எட்டரைக்கு முதல் மணி அடிக்கும். அன்று கார் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே கால். அந்தப் பருவத்தில் அது இரண்டாவது தாமதம். மூன்றாவது நடந்தால் வேறு வண்டி அமர்த்தப்படும் என்று ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. பருவம் முடிய இன்னும் பதினாறு வாரம்.

காரை ஓட்டியவருக்கு நாற்பத்தாறு வயது. பன்னிரண்டு ஆண்டுகளாக டிரைவர். கணவர் அச்சகத்தில் புத்தகம் கட்டுகிறார். வீடு ஓடுவது பெரும்பாலும் அந்தக் காரால்தான்.

சனிக்கிழமை அவர் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் ஆறடி உயரம், சதை என்று சொல்ல அதிகம் இல்லை. ஊரே அவரை, ஒட்டடைக்குச்சியைச் சுருக்கி, ஒட்டடை என்றுதான் கூப்பிட்டது. பட்டறைப் பலகையில் எழுதியிருந்த பெயர் யாருக்கும் நினைவில் இல்லை.

"உதிரிபாகக் கடைக்காரர் ஒண்ணு சொல்றார் அண்ணே. தண்ணியே இல்லாத கூலன்ட்டாம். கொதிக்கவே கொதிக்காதாம்."

"என்கிட்டயும் சொன்னான். நூத்தி எண்பது டிகிரி வரைக்கும் கொதிக்காது, துரு பிடிக்காது, வாழ்நாள் பூரா மாத்த வேண்டாம்னான். யாரோட வாழ்நாள்னு கேட்டேன். போனை எடுத்துக் காதுல வச்சுக்கிட்டான்."

"கொதிக்காதுல்ல? எனக்கு அது போதும். ஊத்துங்க."

"விலை அஞ்சு மடங்கும்மா."

"இந்தக் கான்ட்ராக்ட் போனா அஞ்சு மடங்கு என்ன, ஒரு மடங்குக்கே வழியில்லை. ஊத்துங்க அண்ணே."

என்ஜின் சூட்டை ஏந்தி ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் பழைய கூலன்ட்டை ஒட்டடை வடித்தார். ரேடியேட்டரையும் என்ஜினையும் காற்றடித்து ஊதினார். ஈரத்தை எடுப்பதற்கென்று தனியாக வரும் திரவத்தை விட்டு ஓட்டி, அதையும் வடித்தார். பிறகுதான் புதியதை ஊற்றினார். முழுப் பகல் ஆயிற்று.

அன்று மாலை வாசலில் காரைச் சுற்றிச் சுற்றி வந்தது பாப்பா. பாப்பா என்பது டிரைவரின் நாத்தனார். நாற்பத்தொரு வயது. மாடியில் குடியிருக்கிறார். ஜாம் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அண்ணன் வைத்த பெயர் அண்ணிக்கும் தொற்றிக்கொண்டது; தொழிற்சாலைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதே அவருக்குப் பெரும்பாடு.

"தண்ணியில்லாம எப்படி அண்ணி சூடு இறங்கும்?"

"அதை நீதான் கண்டுபிடிச்சுச் சொல்லேன்."

விளையாட்டாகச் சொன்னது. பாப்பா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த டப்பாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி எடுத்துக்கொண்டு போய், திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் பரிசோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு கண்ணாடிக் குவளைகள், இரண்டிலும் ஒரே அளவு, ஒரே சூட்டுத்தட்டு. தண்ணீர் தொண்ணூறு டிகிரியைத் தொட ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. கூலன்ட் ஆறே நிமிடத்தில் தொட்டது.

"சீக்கிரம் சூடாகுதா? அப்ப நல்லதா கெட்டதா?" என்றார் டிரைவர்.

"சூட்டைச் சுமக்கறதுல தண்ணி பெரிய மூட்டை தூக்கற ஆள் அண்ணி. இது சின்ன மூட்டை தூக்கற ஆள். ஆனா எவ்வளவு அடிச்சாலும் கோபப்படாது."

"உங்க அண்ணன் மாதிரி."

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார் கணவர், பசை கலந்துகொண்டே.

டப்பாவின் முதுகில் ஒரு வரி இருந்தது. தண்ணீர் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் சேர்ந்தால் சொன்ன பலன் எதற்கும் பொறுப்பில்லை. ஜாமில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கும் கைக்கருவி பாப்பாவிடம் இருந்தது. கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே ஒரு கோடு எண்ணைக் காட்டும். சுத்தமான கூலன்ட்டில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று ஆறு வரை தண்ணீர் கலந்து, ஒவ்வொன்றுக்கும் கோடு எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் மாலை, என்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். ஜாமில் ஒவ்வொரு கொப்பரைக்கும் ஒரு சொட்டு பார்த்தே பழகிய கை.

கார் கொதிக்கவில்லை. ஆனால் மலை ஏறும்போது சூடு காட்டும் முள் முன்னெப்போதும் போகாத இடத்துக்குப் போனது. முன்பு பாதியைத் தாண்டியதும் ஆவி கிளம்பிவிடும். இப்போது முக்காலைத் தாண்டியும் சத்தமில்லை.

"அமைதியா இருக்கறதுதான் பாப்பா பயமா இருக்கு. முன்னாடி கத்திச் சொல்லும்" என்றார் டிரைவர்.

பிப்ரவரி 27, வியாழன் மாலை, கருவியின் கோடு இறங்கியிருந்தது. முதல் நாளிலிருந்து முந்தின நாள் வரை தண்ணீர் ஒன்றுக்கும் குறைவு. அன்று ஐந்து.

டிரைவர் நேரே வீட்டுக்குள் போனார்.

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"எதை?"

"தண்ணியை. டிக்கியில ரெண்டு லிட்டர் கேன் யாரு வச்சது?"

கேனை வைத்தது கணவர்தான். முதல் தடவை கார் கொதித்த நாளிலிருந்து, காலையில் மனைவி பல் துலக்குவதற்குள் மூடியைத் திறந்து ஒரு குவளை ஊற்றிவிட்டு வருவது அவர் வழக்கமாக இருந்தது. புதிய கூலன்ட் வந்ததும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"சத்தியமா தொடலை. கேனைப் பாரு, சீல்கூடப் பிரிக்கலை."

"வீட்டுல குழாய் இல்லையாக்கும்?"

"ஆமா, ராத்திரி எழுந்து திருட்டுத்தனமா தண்ணி ஊத்தறதுக்கு எனக்கு வேண்டுதலா?"

இரண்டு நாள் வீட்டில் அவருக்குக் காப்பி ஆறிப்போய்தான் வந்தது.

பாப்பா நோட்டை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளியும் ஐந்து, சனியும் ஐந்து. ஞாயிற்றுக்கிழமை காலை கீழே இறங்கிவந்தார்.

"அண்ணன் ஊத்தலை அண்ணி. அவர் ஊத்தியிருந்தா தினம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். அவர் பழக்கம் அப்படித்தான். இது ஒரே நாள்ல ஏறி அங்கேயே நின்னுடுச்சு. வியாழக்கிழமை என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கலை. மூடுபனி. பனின்னா அப்படி ஒரு பனி. கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சு ரோடே தெரியலை. கணக்கு டீச்சர் வாட்சையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. 'இன்னிக்கும் போச்சா'ன்னாங்க. அப்புறம் அவங்கதான், 'இந்த வண்டியில ஹீட்டர்னு ஒண்ணு கிடையாதா'ன்னாங்க. இருக்கறதே எனக்கு மறந்துபோச்சு. போட்டேன். கண்ணாடி தெளிஞ்சுது. எட்டு இருபத்தேழுக்கு உள்ள போயிட்டோம். ஒரு வேடிக்கை, ஹீட்டர் போட்டதும் முள்ளுகூடக் கொஞ்சம் இறங்குச்சு."

"இதுக்கு முன்னாடி எப்ப போட்டீங்க?"

"வாங்கினதுலேர்ந்து போட்டதே இல்லை. இந்த வெயிலுக்கு ஹீட்டர் வேறயா?"

அன்று பட்டறைக்கு விடுமுறை. ஆனாலும் ஒட்டடை அங்கேதான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்; கையில் கிரீஸ் இருந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

பழைய மாடல் கார்களில் ஹீட்டருக்கு என்ஜின் சூட்டில் ஓடும் கூலன்ட் தனிக் குழாய் வழியாகப் போகிறது. வழியில் ஒரு அடைப்பான். குமிழைத் திருப்பினால்தான் அது திறக்கும். அவர் வடித்த அன்று குமிழ் மூடியிருந்தது. அந்த ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை. அவரும் எந்தக் காரிலும் அதைத் திறந்து வடித்ததில்லை. கணவர் ஊற்றி ஊற்றி வெறும் தண்ணீராகிவிட்ட பழைய கூலன்ட், கார் கொதித்தபோதெல்லாம் திரும்பிவரும் குழாய் வழியாக உள்ளே தள்ளப்பட்டு, அரை லிட்டர் அங்கேயே உட்கார்ந்திருந்தது. வியாழக்கிழமை வெளியே வந்துவிட்டது.

"ஆக, நான் ஊத்தினதுதான்" என்றார் கூட வந்திருந்த கணவர். "ஆனா போன மாசம்."

"வாயை மூடிக்கிட்டு இருந்தா உங்க பக்கம் தீர்ப்பு" என்றார் டிரைவர்.

"திரும்ப வடிச்சுக் காயவைக்கணும்மா. இந்தத் தடவை கூலி வேண்டாம், தப்பு என்னுது. ஆனா புது கூலன்ட் வாங்கணும்."

பாப்பா ரேடியேட்டர் மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாக அதைத் தினமும் திறந்து மூடியிருக்கிறார். இன்றுதான் உள்பக்க ரப்பர் வளையத்தைப் பார்த்தார். நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தது.

"அண்ணே, ஒரு சந்தேகம். முன்னாடி முள்ளு சிவப்பைத் தொடவே இல்லை. பாதியைத் தாண்டினதும் கொதிச்சுது. ஏன்?"

"மலையில சீக்கிரம் கொதிக்கும்."

"அது கொஞ்சம்தான். எங்க ஜாம் கொப்பரையில காத்தை உறிஞ்சிட்டா எழுபதுலயே கொதிக்கும். அழுத்தம் கூடினா நூறைத் தாண்டியும் கொதிக்காது. இந்த மூடி அழுத்தம் பிடிக்கத்தானே? இந்த ரப்பரோட ஒரு ஜாம் பாட்டில் மூடி வந்தா நான் முழு லாட்டையும் திருப்பி அனுப்பிடுவேன்."

ஒட்டடை உள்ளே போய், மூடியைச் சோதிக்கும் கைப்பம்பை எடுத்துவந்தார். மூடியை மாட்டி அடித்தார். முள் ஏறியது. கையை எடுத்த மறுகணம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

"தண்ணியில்லா கூலன்ட்டுக்கு அழுத்தமே வேண்டாம். அதான் மூடி செத்துக் கிடந்தும் கொதிக்கலை" என்றார் மெதுவாக. "மூடியை நான்தான் முதல்ல பாத்திருக்கணும்."

"அப்ப அதை ஊத்தினது வேஸ்ட்டா?" என்றார் டிரைவர்.

"தெரியாது அண்ணி. ஓட்டிப் பாத்தாதான் தெரியும்."

மார்ச் 2, அன்று மதியமே, என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயில் பாப்பா ஒரு கம்பி வெப்பமானியைக் கட்டினார். ஆசிரியைகளுக்குப் பதிலாக மூன்று மணல் மூட்டைகளும் கணவரும் ஏற்றப்பட்டார்கள்.

"இவர் ஒன்றரை டீச்சர். ஒரு மூட்டையில பாதியைக் கொட்டிடுங்க" என்றார் ஒட்டடை.

உள்ளே இருந்த தண்ணீரில்லாக் கூலன்ட்டோடும் பழைய மூடியோடும் ஒன்பதாவது வளைவில் 108 டிகிரி. கொதிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, ஹீட்டர் அடைப்பானையும் திறந்து எல்லாவற்றையும் வடித்து, சாதாரணக் கூலன்ட்டில் பாதி தண்ணீர் கலந்து, புது மூடி போட்டு, அதே மூட்டைகள், அதே கணவர், அதே மதியம். ஒன்பதாவது வளைவில் 96. கொதிக்கவில்லை.

வளைவில் காரை நிறுத்தி இறங்கினார்கள். பாறை இடுக்கில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ரெண்டுமே கொதிக்கலையே பாப்பா. எதை வச்சுக்கறது?"

"தண்ணியில்லாதது மோசமான சரக்கு இல்லை அண்ணி. துரு பிடிக்காதுங்கறது உண்மைதான்னு நினைக்கிறேன். வருஷத்துல பாதி நாள் நிக்கிற காருக்கு நான் அதைத்தான் ஊத்துவேன். உங்களுக்கு எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

டிரைவர் பாறையில் வழிந்த தண்ணீரைக் கையில் ஏந்தி முகம் கழுவினார்.

"ஒரு ஹோஸ் விட்டுப்போச்சுன்னு வை. இந்த இடத்துல எனக்குக் கிடைக்கறது இதுதான். இதை ஊத்திக்கிட்டு மேல போக முடியணும்."

வடித்த கூலன்ட்டை ஒட்டடை பட்டறைப் பின்புறம் ஒரு டப்பாவில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி வைத்தார். சீல் பிரிக்காத இரண்டு லிட்டர் கேன் டிக்கியிலேயே இருந்தது. ஹீட்டர் குமிழைத் திறந்துவிட்டு வடிக்க வேண்டும் என்று பட்டறைச் சுவரில் சாக்கட்டியால் ஒரு வரி சேர்ந்தது.

ஜூன் 6, வெள்ளிக்கிழமை, பருவம் முடிந்தது. பள்ளிப் பதிவேட்டில் வெள்ளைக் காருக்கு எதிரே தாமதம் இரண்டு என்று இருந்தது. ஒப்பந்தம் அடுத்த பருவத்துக்கும் நீட்டிக்கப்பட்டது.